அழிறப்பர்

லண்டனில், எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் மாடிப்படிகள் பதினான்கு. அவற்றில் மூன்று கிறீச்சிடும்: நான்காவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது. நான் ஏறினாலும் என் மனைவி ஏறினாலும் அந்த மூன்றும் சத்தம் போடும். மாடி அறையில் குடியிருந்த அவர் ஏறினால் சத்தம் வராது. வந்து ஒரு கிழமைக்குள் எந்தெந்தப் படி என்று கண்டுபிடித்து, அந்த மூன்றையும் தாண்டி, பதினொரு படிகளில் மாடிக்குப் போய்விடுவார். நான் கீழே இருந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. என் மனைவியின் ஊர்க்காரர், வயது இருபத்தாறு, தனியாக வந்தவர். எண்பதுகளின் நடுவில் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் எங்கள் வீட்டு மாடியில் இருந்த சின்ன அறையில் இருந்தார். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை அது.

வந்த புதிதில் மனைவி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ளை, நீர் வீட்டிலை நிக்கிறீரோ இல்லையோ எண்டு நான் செருப்பைப் பார்த்துத்தான் அறியிறனான்."

அடுத்த நாள் வாசலில் செருப்பு இல்லை. அதுவும் மாடிக்குப் போய்விட்டது.

தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவித் துடைத்து, பிடி எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கமே பார்க்க வைப்பார். தனக்கு வரும் கடித உறைகளிலிருந்து பெயரை மட்டும் கத்தரித்து எடுத்த பிறகுதான் குப்பையில் போடுவார். கத்தரித்த துண்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் யாராவது படம் எடுக்கக் கமெராவைத் தூக்கினால், அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள். பனி பெய்த ஒரு காலையில் பஸ் நிலையம் வரைக்கும் என் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தேன். என் காலடிக் குழிகளிலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தார். சப்பாத்தில் ஓட்டை இருந்ததாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலானது அந்த அழிறப்பர். மாபிள் நிறம், ஒரு மூலை தேய்ந்து உருண்டது. சனிக்கிழமைகளில் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போதும் கைப்பையில் இருக்கும். மற்றவர்கள் வாங்கிய சாமானைப் பட்டியலில் வெட்டுவார்கள். அவர் அழிப்பார். வெங்காயம் வாங்கினால் வெங்காயம் போய்விடும். வீட்டுக்கு வரும்போது கையில் வெறும் தாள். அதே தாளில்தான் அடுத்த கிழமைப் பட்டியல். ஒருமுறை இரண்டு பை பருப்போடு வந்து நின்றார்.

"வாங்கினனோ இல்லையோ எண்டு தாளைப் பார்த்தன் அக்கா. தாளிலை ஒண்டும் இல்லை."

"நல்ல காலம், எங்கடை வீட்டு விலாசத்தை எழுதி வைச்சு அழிக்கேல்லை," என்றாள் மனைவி.

அவரும் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

அவருக்கு வேலை, உறைய வைத்த மரக்கறியைப் பையில் அடைக்கும் தொழிற்சாலையில். குளிர் அறையில் எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். இரண்டு சோடிக் கையுறை போட்டும் விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிடும். வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் அவரால் ஒரு பொத்தானைக் கழற்ற ஏலும். ஊரில் விஞ்ஞானம் படித்தவர். கடைசி வருஷப் பரீட்சை எழுத முன்னர் வெளிக்கிட்டு வந்துவிட்டார்.

பக்கத்துக் கல்லூரியில் ஆய்வுகூட உதவியாளருக்கான ஒரு வருஷ கோர்ஸ் இருந்தது. அதே கல்லூரியில் கணக்கியலும் இருந்தது. வவுனியாவில் நீர்ப்பாசனக் கந்தோரில் பதினேழு வருஷம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு இங்கே பெற்றோல் ஷெட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அதில் ஒரு கண். இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் வந்தது. முதலில் கணிதத்தில் ஒரு பரீட்சை. அதைப் பார்த்து மூன்று வகுப்புகளில் ஒன்றில் போடுவார்கள். மேல் வகுப்பு என்றால் நேரே கோர்ஸ். நடு வகுப்பு என்றால் ஒரு வருஷம் கணிதம் படித்துவிட்டுக் கோர்ஸ். அடி வகுப்பு என்றால் பின்னத்திலும் தசமத்திலும் தொடங்கி இரண்டு வருஷம்.

"நடு வகுப்பெண்டாலும் எனக்குக் காணும்," என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "எனக்குக் காணாது அண்ணை. இன்னும் ரெண்டு மாரி அந்த அறையிலை நிண்டனெண்டால் இந்த விரல் பத்தும் என்னோடை கதையாது."

பரீட்சைக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. காலை பத்து மணிக்குக் குசினி மேசையில் இருப்போம். நான் ஜன்னல் பக்கம், அவர் அடுப்புப் பக்கம். என் மணிக்கூட்டைக் கழற்றி நடுவில் வைப்பேன். ஒரு கணக்குக்கு மூன்று நிமிஷம்.

நான் எல்லா வரியும் எழுதுவேன். தரவு, தேவை, சூத்திரம், பிரதியீடு, விடை, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. கந்தோர்ப் பழக்கம். எழுதி முடித்தால் விடை பிழையாக இருக்கும். பன்னிரண்டு கணக்கில் ஐந்து சரி வந்தால் அது நல்ல ஞாயிறு.

அவர் வேறு மாதிரி. இரண்டிலிருந்து பத்து வரை மடக்கை மனப்பாடம். அட்டவணை தேவையில்லை. பென்சிலால் வேகமாக ஏதோ எழுதுவார். விடை வரும். விடையை வலது ஓரத்தில் சின்னதாகப் போடுவார். பிறகு அழிறப்பரை எடுத்து மற்றதை எல்லாம் அழிப்பார். தூளை உள்ளங்கையில் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து இருப்பார். நான் அப்போதுதான் "தரவு" என்று எழுதி முடித்திருப்பேன்.

மாதிரிக் கணக்குகளில் ஒன்று, ஓர் அறைச் சுவருக்குப் பூத்தாள் ஒட்ட எத்தனை சுருள் வேண்டும் என்பது. எங்கள் முன்னறைச் சுவரிலும் பூத்தாள்தான். ஒரு சுவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு பூ. அதனால் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"கதவையும் யன்னலையும் கழிக்கிறதோ அண்ணை?"

"கழிக்கத்தானே வேணும்."

"அப்ப எட்டு."

எனக்கு இருபத்துமூன்று வந்திருந்தது. "எப்பிடி எட்டு? வழியைக் காட்டும் பாப்பம்."

கொப்பியைத் திருப்பினார். வெறும் தாள். ஓரத்தில் எட்டு மட்டும் இருந்தது.

"வந்து சேர்ந்தாச்சே அண்ணை. பிறகு வழி என்னத்துக்கு?"

அடுப்பில் கறி கிண்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "இவர் வழியிலைதான் நிக்கிறார் பிள்ளை. இருபத்திரண்டு வருசமாய் நிக்கிறார்."

நான் கல்லூரிக் கடிதத்தை எடுத்து வந்து கடைசி வரியைக் காட்டினேன். ஒரு கணக்குக்கு மூன்று மார்க்ஸ். விடைக்கு ஒன்று. செய்த வழிக்கு இரண்டு.

"இருபது கணக்கு. நாற்பது மார்க்ஸ் வழிக்குத்தான். அழிக்காதையும்."

"ஓம் அண்ணை."

அடுத்த கணக்கைச் செய்தார். விடை வந்தது. கை தானாக அழிறப்பருக்குப் போனது. நான் அழிறப்பரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்ததை விரலில் எச்சில் தொட்டு அழித்தார். தாளில் ஓட்டை விழுந்தது.

ஏன் அழிக்கிறார் என்பதற்கு மூன்று காரணங்கள் கேட்டிருக்கிறேன். முதலாவது, எனக்குச் சொன்னது: அழித்து அழித்து எழுதினால் ஒரு கொப்பி நான்கு கொப்பிக்குச் சமம். இரண்டாவதும் எனக்குச் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர் ஊத்தைக் கொப்பியைக் கண்டால் யன்னலால் எறிவாவாம். அதனால் சுத்தமாக வைத்துப் பழகிவிட்டது.

மூன்றாவதை மனைவிக்குச் சொல்லியிருக்கிறார், இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. அவருக்கு ஒரு தம்பி. கணக்கில் கெட்டிக்காரன். ரியூஷனுக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் மறித்துக் கொப்பியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக இலக்கமும் படமும்.

"இதெல்லாம் என்ன கணக்கெண்டு கேட்டவங்களாம் அக்கா. அவன் கணக்கெண்டுதான் சொன்னவன்."

"பிறகு?"

"பிறகென்ன. கொப்பி திரும்பி வந்தது."

இதை மனைவி எனக்குச் சொன்ன பிறகு நான் அழிறப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பரீட்சையும் நாற்பது மார்க்ஸும் அப்படியே இருந்தன. மீதி இரண்டு ஞாயிறும் ஒவ்வொரு கணக்கு முடிவிலும் "அழிக்காதையும் பிள்ளை" என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் "ஓம் அண்ணை" என்றார். கடைசி ஞாயிறு ஆறு கணக்குகளை அழிக்காமல் விட்டார். விட்டுவிட்டுக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அவற்றின் மேல் இருந்தார்.

பரீட்சை மண்டபத்தில் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு மேசை. அவர் எனக்கு முன்னால், ஒரு வரிசை தள்ளி வலது பக்கம். அவருடைய முதுகும் வலது முழங்கையும் எனக்குத் தெரிந்தன. ஐம்பது நிமிஷம் அந்த முழங்கை ஒழுங்காக எழுதியது. பக்கம் திருப்பினார், எழுதினார். தாள் நிரம்பியிருந்ததைக் கண்ணால் கண்டேன். எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏழு நிமிஷம் இருக்கும்போது, எழுதியவர்கள் சரிபார்க்கலாம் என்று முன்னால் நின்ற பெண் அறிவித்தார். நான் என் பக்கங்களை எண்ணினேன். நிமிர்ந்தபோது அவருடைய முழங்கை வேறு மாதிரி அசைந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னும். முன்னும் பின்னும்.

இருமினேன். ஒரே ஒருமுறை. அவர் திரும்பவில்லை. இன்னொருமுறை இருமியிருக்கலாம். கை உயர்த்தியிருக்கலாம். வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் என் தாளைக் குனிந்து பார்த்தேன். முழங்கை பக்கம் பக்கமாக அசைந்தது. நேரம் முடிந்தது என்று சொன்னபோது அவர் தூளை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டிருந்தார்.

வெளியில் வந்து, "பிள்ளை, என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

"அவ்வளவு பேரும் பாக்கிற மாதிரிக் கிடந்தது அண்ணை," என்றார். பஸ்ஸில் நான் தரிப்பிடங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பதினோரு தரிப்பிடங்கள்.

முடிவு இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. எனக்கு விடை இருபதில் ஒன்பது, வழி நாற்பதில் இருபத்தொன்பது. நடு வகுப்பு. அவருக்கு விடை இருபதில் இருபது, வழி நாற்பதில் பூச்சியம். அடி வகுப்பு.

எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். பதினைந்து வினாடி இருக்கும். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"பரவாயில்லை அண்ணை. பின்னத்திலையிருந்து தொடங்குவம்," என்று சொல்லிவிட்டு, உறையிலிருந்து பெயரைக் கத்தரிக்கக் கத்தரிக்கோல் கேட்டார். மனைவி கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ. ஆறு கிழமையாய் இந்தப் பிள்ளைக்கு முன்னாலை இருந்து பாத்தது நீங்கள் ஒராள்தான். போய்ச் சொல்லுங்கோ அவங்களுக்கு."

"என்னெண்டு சொல்லுறது? என்ரை பேப்பரையும் திருப்பிப் பாத்தாங்களெண்டால்—"

"பாக்கட்டுமே. ஒரு நாளைக்கு எண்ணுறதை விட்டிட்டு வாயைத் திறவுங்கோ."

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கணிதப் பகுதிக்குப் பொறுப்பானவர் ஐம்பது வயது வெள்ளைக்காரர். மேசையில் ஐந்து தேநீர்க் கோப்பைகள், ஐந்திலும் அடிமண்டி. என்னோடு வந்தவரின் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். இருபதும் சரி, ஆனால் ஒரு வரிகூட இல்லை, இப்படி ஒரு தாள் வந்தால் எங்கேயிருந்து விடை வந்தது என்று கேட்கத்தானே வேண்டியிருக்கிறது என்றார். பக்கத்தில் யாரையாவது பார்த்து எழுதினாரா?

"பக்கத்தில் இருந்தவன் நான்தான் ஐயா," என்றேன். "என் விடைகளில் ஒன்பதுதான் சரி."

பொறுப்பாளர் என் தாளையும் எடுத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார். "இவர் செய்துவிட்டு அழித்துவிடுகிறார்," என்றேன். ஏன் என்று கேட்டார். என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. எதைச் சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த அவரைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. "தாளை மிச்சம் பிடிக்கத்தான்," என்றேன்.

பொறுப்பாளர் விடைத்தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பென்சில் அழுத்திய தடங்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, வாசிக்க முடியாமல். பிறகு ஐந்து கணக்குகளைக் கையால் எழுதி, ஒரு வெறும் தாளோடு அவருக்கு முன்னால் வைத்தார். இப்போதே, இங்கேயே செய்யலாமா?

அவர் கைப்பையைத் திறந்து பென்சிலை எடுத்தார். பொறுப்பாளர் தலையசைத்து, தன் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனையை நீட்டினார்.

அவர் பேனையை வாங்கினார். எழுதவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். இரண்டு. பேனை தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. நான்கு நிமிஷம் பத்து வினாடி. குளிர் அறை, வெளுத்த விரல்கள், இரண்டு வருஷம் என்று மனது ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை," என்றேன்.

"எழுதுறன் அண்ணை. பொறுங்கோ."

முதலில் தாளின் மேலே தன் பெயரை எழுதினார், கேட்காமலே. பிறகு முதலாவது கணக்கு. நான்கு வரி. இரண்டாவது, மூன்று வரி. மூன்றாவது சரிவகத்தின் பரப்பளவு. ஒன்பதும் பதினைந்தும் இருபத்துநான்கு, பாதி பன்னிரண்டு, ஏழால் பெருக்கினால் எண்பத்துநான்கு. அவர் எழுபத்துநான்கு என்று எழுதிவிட்டார். ஆறு ஞாயிறிலும் நான் காணாத பிழை. நிறுத்தினார். இடது கை தாளின் பக்கத்தில் அழிறப்பரைத் தேடிப் போய் வெறும் மேசையைத் தடவியது. பெருவிரலால் அந்த இலக்கத்தைத் தேய்த்தார். நீலம் இழுபட்டது, போகவில்லை.

பிறகு அதன் மேல் ஒரு கோடு கீறினார். ஒன்றே ஒன்று, நேராக. பக்கத்தில் எண்பத்துநான்கு என்று எழுதினார். ஐந்து கணக்கும் முடிந்தபோது மொத்தம் பதினாறு வரி.

பொறுப்பாளர் வாசித்துக்கொண்டு வந்து அந்த வெட்டிய எழுபத்துநான்கின் மேல் விரலை வைத்தார். "இதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்," என்றார். மேல் வகுப்பு. செப்டெம்பரில் வரலாம்.

எழுந்தோம். அவர் தாளை எடுக்கப் போனார். பொறுப்பாளர், அது கல்லூரிக்கு வேண்டும் என்று மறு ஓரத்தைப் பிடித்தார். அவர் விடவில்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இதை என்ன செய்வினமாம் அண்ணை? கேளுங்கோ."

கேட்டேன். கோப்பில் போட்டுக் கீழே நிலவறையில் வைப்போம், இந்தக் கல்லூரியில் யாரும் எதையும் எறிவதில்லை என்று பொறுப்பாளர் பகிடியாகச் சொன்னார். விரைவான ஆங்கிலம். அவருக்கு முழுதும் பிடிபடவில்லை.

"வருச முடிவிலை கிழிச்சுப் போடுவினமாம்," என்றேன்.

"கிழிச்சோ? சும்மா எறியாமல்?"

"கிழிச்சுத்தான்."

அவர் விரல்களை எடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மாடி ஏறியபோதும் எண்ணினேன். பதினொன்றுதான். நான் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. பெருவிரலில் இழுபட்ட நீலம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தேன், இல்லை.

கோர்ஸை முடித்தார். வட லண்டனில், எட்மண்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. நான் நடு வகுப்பில் ஒரு தவணை போய்விட்டு நின்றுவிட்டேன். அது வேறு கதை. அவர் அறையை விட்டுப் போன அன்று மனைவி சுத்தம் செய்ய மேலே போனாள். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆணி அடித்த துளையைக்கூடச் சவர்க்காரம் வைத்து அடைத்திருந்தார். வாசலில் நின்று விடைபெற்றபோது, "அந்தப் பேப்பர் கிழிச்சிருப்பினம் என்ன அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கல்லூரிக் கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பஸ் எடுத்துப் போனேன். வாசலில் நான்கு இரும்புத் தொட்டிகள். மூன்றில் கல்லும் பலகையும். நான்காவதில் கோப்புகள், கட்டுக் கட்டாக. வேலியின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மேலே கிடந்தவற்றை எண்ணத் தொடங்கினேன். தொப்பி போட்ட ஒருவன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மழை பெய்யத் தொடங்கியது. காகிதங்கள் நனைந்தன. நல்லது, நனையட்டும் என்று நினைத்துக்கொண்டு தரிப்பிடத்துக்கு நடந்தேன். பஸ் ஏறி ஆறாவது தரிப்பிடம் வரும்போதுதான் நினைவு வந்தது. அவர் எழுதியது போல்பொயின்ற் பேனையால். அது மழைக்கு அழியாது.